குழாய் எட்டாத வீடு

அமெரிக்க மாநிலங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டிருக்கும் குடியிருப்பு விதித்தொகுப்பில் கழிப்பறை பற்றிய பகுதி மிகச் சிறியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கழிப்பறையும் கை கழுவும் தொட்டியும் குளிக்கும் இடமும் இருக்க வேண்டும். அவை பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட வேண்டும். சாக்கடை இல்லாத இடத்தில், அரசு ஒப்புதல் பெற்ற தனிக் கழிவு அமைப்போடு இணைக்கப்பட வேண்டும். படிப்பவர் யாருக்கும் இதில் ஆட்சேபம் தோன்றாது. ஆனால் ஏரிக்கரையில் வார இறுதிக்காகக் கட்டிய மரக்குடிலுக்கும், அலபாமாவின் களிமண் நிலத்தில் ஒரு கறுப்பினப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு வாழும் டிரெய்லர் வீட்டுக்கும் இந்த விதி ஒரே விளைவைத் தருவதில்லை. ஏன் என்று கேட்டால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு பதிலாக வருகிறது. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்களில் பெண்கள் நிற்கிறார்கள்.

1869இல் கேத்தரின் பீச்சரும், ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து அமெரிக்கப் பெண்களுக்காக ஒரு இல்லப் பராமரிப்பு நூலை வெளியிட்டார்கள். சமையலறை அமைப்பு, காற்றோட்டம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றோடு மண் கழிப்பறை பற்றியும் அதில் எழுதினார்கள். மண் கழிப்பறைக்கு 1860இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி மூல் என்ற ஆங்கிலப் பாதிரியார். இருக்கைக்குப் பின்னால் உலர்ந்த மண் நிரப்பிய பெட்டி இருக்கும். கைப்பிடியை இழுத்தால் மண் விழுந்து மலத்தை மூடும். நாற்றம் அடங்கும், சில வாரங்களில் அது உரமாகும். தண்ணீரும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

வீட்டைப் பற்றிய நூலில் இரு பெண்கள் இதைச் சேர்த்தது தற்செயல் அல்ல. இரவுக் கலத்தைக் காலையில் வெளியே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவும் வேலை வீட்டுப் பெண்ணுடையதாக அல்லது வேலைக்காரப் பெண்ணுடையதாக இருந்தது. நோயாளிக்கும் குழந்தைக்கும் பிரசவித்தவளுக்கும் அந்த வேலையைச் செய்பவளும் அவளே. ஆனால் நகரங்கள் மண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்காவில் மண் கழிப்பறைக்காகப் பிரச்சாரம் செய்த ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளரே 1880இல் மெம்ஃபிஸ் நகரத்துக்குச் சாக்கடை வடிவமைக்கப் போய்விட்டார். நாகரிகத்தின் அடையாளம் தண்ணீர்க் குழாய் என்று ஆனது. குழாய் போகாத கிராமத்துக்குக் குழி மிஞ்சியது. பல வீடுகளில் அதுவும் இல்லை.

1909இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து, தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ஒரு ஆணையம் அமைக்கப்பட்டது. இந்தப் புழு மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடலுக்குள் ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். ஏற்கெனவே மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு அந்தச் சோகை இரட்டிப்புச் சுமை. ஆணையம் மருந்து கொடுத்தது. குழிக் கழிப்பறை கட்டச் சொன்னது.

அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. லயக் காம்பராக்களில் அடைந்து வாழ்ந்து வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போன தமிழ்ப் பெண்களும் அந்த மருந்தைக் குடித்தவர்களில் அடக்கம். மருந்து கொடுப்பதற்குத் தோட்டத் துரைமார் எளிதில் இணங்கினார்கள். மலசலகூடம் கட்டுவதற்கான செலவுக்கு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. மலசலகூடம் இல்லாத இடத்தில் மருந்து குடித்தவர்களே மறுபடியும் அதே மண்ணில் நடந்தார்கள்.

அமெரிக்காவில் அந்தச் செலவை அரசு ஏற்றது 1930களில். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களைக் கொண்டு, காங்கிரீட் தளமும் மூடியும் காற்றுப்போக்கியும் உள்ள கழிப்பறைகளைக் கிராமப்புறங்களில் கட்டினார்கள். அந்தத் திட்டங்களின் கீழ் எழுந்தவை இருபது லட்சத்துக்கும் மேல். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் கிராமச் சுகாதாரத்தில் அக்கறை காட்டியதால் மக்கள் அவற்றுக்குக் கேலியும் பிரியமுமாக ‘எலினார்’ என்று பெயர் வைத்தார்கள். கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குழாய் எட்டாத வீட்டுக்குக் கழிப்பறை கொடுப்பது அரசின் கடமை என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்த அபூர்வமான காலம் அது.

இன்னொரு பக்கம் விதித்தொகுப்புகள் வளர்ந்தன. 1920களில் வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் அமைத்த குழு, வீடுகளுக்கான குறைந்தபட்சக் குழாய்ப்பணி விதிகளைப் பரிந்துரைத்தது. குழாயின் அளவு, நாற்றக் காற்று உள்ளே வராமல் தடுக்கும் நீர்வளைவு, காற்றுக்குழாய் என எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. அவை உயிர் காத்த கணக்குகள்தாம். ஆனால் 1940 கணக்கெடுப்பில்கூட ஏறத்தாழப் பாதி அமெரிக்க வீடுகளில் முழுமையான குழாய் வசதி இல்லை. விதி எழுதப்பட்டது குழாய் உள்ள வீட்டை இயல்பானதாக எடுத்துக்கொண்டு. குழாய் இல்லாத வீடு விதிவிலக்கானது, பிறகு குறையானது, கடைசியில் குற்றமானது.

இந்த இடத்தில் வரலாறு ராக்ஃபெல்லர் குடும்பத்துக்கே திரும்புகிறது. ஜான் டி. ராக்ஃபெல்லரின் கொள்ளுப்பேத்தி ஏபி ராக்ஃபெல்லர் 1960களின் இறுதியில் பாஸ்டனில் ‘செல் 16’ என்ற தீவிரப் பெண்ணியக் குழுவில் இருந்தவர். 1973இல் அவர் தொடங்கிய நிறுவனம் விற்றது மட்கு கழிப்பறைகளை. ஸ்வீடனில் ரிகார்ட் லிண்ட்ஸ்ட்ராம் என்ற ஆசிரியர், கடலோரத்திலிருந்த தன் வீட்டுக்காக 1939இல் உருவாக்கிய அமைப்பு அது. சரிவான தளமுள்ள பெரிய தொட்டியில் மலமும் சமையலறைக் கழிவும் விழும். காற்று ஓடும். மெல்லச் சரிந்து கீழே வர ஆண்டுகள் ஆகும். வரும்போது அது மண். தினமும் யாரும் எதையும் சுமக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் மலத்தைக் கலந்துவிட்டு, பிறகு பெரும் செலவில் பிரிக்க முயல்வதே அடிப்படைத் தவறு என்பது ஏபியின் வாதம்.

விதித்தொகுப்பில் அந்தத் தொட்டிக்குப் பெயரே இல்லை. தரநிர்ணயம் வந்தது, மெல்ல மெல்ல அனுமதியும் வந்தது. இன்று பல மாநிலங்களில், தண்ணீர்க் குழாய் இல்லாத மலைக்குடிலுக்குக் குழிக் கழிப்பறையோ மட்கு கழிப்பறையோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. மட்கு கழிப்பறை வைத்திருந்தாலும், துணி துவைத்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீருக்கும் பல இடங்களில் தனி அமைப்பு கட்டியாக வேண்டும். வார இறுதிக் குடிலில் இந்தத் தண்ணீர் அதிகம் இருக்காது. குடும்பம் நடக்கும் வீட்டில் அது நாள் முழுவதும் ஓடும். பெண்களின் உழைப்பிலிருந்து வழியும் அந்தத் தண்ணீர்தான், விடுமுறைக் குடிலையும் ஏழை வீட்டையும் சட்டத்தின் முன் வேறுபடுத்துகிறது.

அலபாமாவின் லௌண்டஸ் கவுண்டி, 1965இல் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு வாக்குரிமை ஊர்வலம் கடந்து சென்ற பகுதி. பருத்திக்குப் பேர்போன அதன் களிமண் தண்ணீரை உறிஞ்சாது. சாதாரண செப்டிக் டேங்க் அங்கே பலிக்காது. அந்த மண்ணுக்கேற்ற அமைப்புக்கு 15,000 டாலருக்கும் மேல் ஆகலாம். பணமில்லாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு குழாயை நேராகக் கொல்லைக்கு விட்டார்கள். மாநிலச் சட்டப்படி அது குற்றம். வழக்குகளும் கைதுகளும் நடந்தன. அந்த ஊர்க்காரரான கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸ் இதை வீடுவீடாகச் சென்று பதிவு செய்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2017இல் வெளியான ஒரு ஆய்வில், அங்கே பரிசோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 1909இல் ஒழிக்கத் தொடங்கிய புழுவின் பெயர், நூறாண்டுகளுக்குப் பிறகு அதே தென்மாநில மண்ணில் மறுபடியும் கேட்டது.

2021இல் மத்திய நீதித் துறை விசாரணையைத் தொடங்கியது. 2023 மே மாதம் ஏற்பட்ட உடன்பாட்டில், கழிவு அமைப்பு இல்லாததற்காக மக்கள் மீது குற்ற நடவடிக்கைக்கு வழிவிடுவதை நிறுத்த மாநிலச் சுகாதாரத் துறை ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரலில் புதிய அரசு அந்த உடன்பாட்டை ரத்து செய்தது.

விதிகள் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. திறந்த மலம் கொல்லும். அதிலும் குழந்தைகளைக் கொல்லும். ஆனால் வீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதும் சட்டம், அதை யார் பணத்தில் கட்டுவது என்பதையும் யார் கையால் சுத்தம் செய்வது என்பதையும் எழுதாமல் விட்டால், எழுதாத அந்த இடத்தில் ஒரு பெண் வாளியோடு நிற்பாள். பீச்சர் சகோதரிகள் அவளுக்காக எழுதினார்கள். ஏபி அந்த வாளியை இல்லாமல் ஆக்கப் பார்த்தார். ஃப்ளவர்ஸ், அவளைக் கைது செய்வதை நிறுத்தச் சொன்னார். 1930களில் ஒரு அரசு இருபது லட்சம் கழிப்பறைகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஆகவே, முடியாது என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை.