தொழிற்பயிற்சி நிலையம் (தமிழ்நாடு)

எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்தவர்களுக்கு ஒரு தொழிலை ஓராண்டிலோ ஈராண்டிலோ முறையாகக் கற்றுத்தந்து, நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழுக்குத் தயார் செய்யும் நிறுவனம் தொழிற்பயிற்சி நிலையம். மக்கள் வழக்கில் ஐ.டி.ஐ. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் வீடுகளில் பேசப்படும் மூன்று வழிகளில் இதுவும் ஒன்று. மற்றவை மேல்நிலைப் பள்ளியும் பாலிடெக்னிக்கும். மார்க் குறைந்த பிள்ளை போகிற இடம் என்று இதை ஒதுக்கும் பழக்கம் இன்னும் மாறவில்லை. அந்த எண்ணம் தவறு. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவருக்கு மேற்படிப்பின் கதவு மூடிவிடுவதில்லை. ஆனால் எந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பது சேர்க்கை நாளன்று எடுக்கும் பாடப்பிரிவைப் பொறுத்தது.

இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை 1950-இல் தொடங்கியது. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956-இல் நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் பொதுத்தரம் வகுக்கத் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவான என்.சி.வி.டி. அதே ஆண்டில் அமைந்தது. 2015 முதல் மத்திய அளவில் திறன் மேம்பாட்டு அமைச்சகமும், தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் இதைக் கவனிக்கின்றன. கிண்டி, புள்ளம்பாடி போன்ற இடங்களில் பெண்களுக்கெனத் தனி அரசு நிலையங்கள் உண்டு.

பாடப்பிரிவை இங்கே டிரேடு என்பார்கள். வெல்டர், வயர்மேன் போன்றவற்றில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் சேரலாம். பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர், கணினி இயக்குநர், டீசல் மெக்கானிக் ஆகியவை ஓராண்டு. பிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், குளிர்பதன மெக்கானிக் ஆகியவை ஈராண்டு. குறைந்தபட்ச வயது 14. தமிழ்நாட்டுச் சேர்க்கை விதியில் ஆண்களுக்கு 40 வரை இடமுண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. குழந்தைகள் வளர்ந்தபின் தொழில் கற்க வரும் பெண்களுக்கு இது பெரிய சலுகை. வெளியே போதிய அளவு தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

படிப்பின் பெரும்பகுதி பணிமனையில் நடக்கிறது. பிட்டர் பிரிவில் முதல் வாரங்கள் முழுக்க அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, சமதளமாகும்வரை ராவ வேண்டும். ராவிய விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார் இன்ஸ்ட்ரக்டர். இடையே கீற்றாக ஒளி தெரிந்தால் மறுபடி அரத்தை எடுக்க வேண்டியதுதான். தோளும் மணிக்கட்டும் வலிக்கும். ஆனால் இந்த ஒரு பயிற்சியில்தான் கைக்கு அளவு பிடிபடுகிறது. பின்னால் கணினி வழி இயங்கும் சி.என்.சி. எந்திரத்தில் நிற்பவருக்கும் அந்த அளவுணர்வு தேவை. அரசு நிலையங்களில் அந்த எந்திரங்களும் வந்துவிட்டன. 71 அரசு நிலையங்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் பணியை மாநில அரசு மேற்கொண்டது. ரோபாட்டிக்ஸும் முப்பரிமாண அச்சும் பாடமாயின. பணிமனைக்கு வெளியே தொழிற்கோட்பாடு, கணக்கு, வரைபடம், வேலைவாய்ப்புத் திறன் ஆகியவையும் உண்டு. இறுதியில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்.டி.சி.

செலவு பற்றிய பயம் அரசு நிலையத்தில் பெருமளவு தேவையற்றது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, ஐ.டி.ஐ.யும் இவற்றில் அடக்கம்.

சான்றிதழுக்குப் பிறகு பலர் செல்வது அப்ரண்டிஸ் பயிற்சிக்கு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உதவித்தொகையுடன் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எப்., திருச்சி பொன்மலைப் பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. ஆகியவை இதற்குப் பெயர்போனவை. பயிற்சியின் முடிவில் தேர்வெழுதித் தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறலாம். ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்கும் ஐ.டி.ஐ. தகுதியே அடிப்படை.

மேலே படிக்க விரும்புவோருக்கான வழியே அதிகம் பேசப்படாதது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே இரண்டாம் ஆண்டு. கூட்டிப் பார்த்தால் 2, 2, 3 என ஏழு ஆண்டுகள். பிளஸ் டூ வழியாகப் பொறியியல் முடிக்க ஆறு. ஓராண்டுதான் வித்தியாசம், அதற்கு ஈடாகக் கையில் தொழிலும், இடையில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் வேலைக்குப் போகத் தகுந்த சான்றிதழும் இருக்கும். குடும்பச் சூழலால் பாதியில் சம்பாதிக்க வேண்டி வரலாம் என்று அஞ்சும் வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை. ஈராண்டு முடித்தவர் மேல்நிலை மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்கு இணையான தகுதியும் பெறலாம். கலைக் கல்லூரிக்கு அது உதவும். எட்டாம் வகுப்புடன் சேர்ந்தவருக்குப் பத்தாம் வகுப்பு இணைத்தகுதிக்கும் இதேபோல் ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியப் பணியில் நாட்டமுள்ளவர் கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டு படித்து இன்ஸ்ட்ரக்டர் ஆகலாம்.

ஓராண்டு டிரேடு எடுத்தவருக்குப் பாலிடெக்னிக்கின் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்காது. சேர்க்கையின்போது இதை யாரும் எடுத்துச் சொல்லாமல், சீக்கிரம் முடிகிறதே என்று ஓராண்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடறுவோர் உண்டு. தனியார் நிலையமானால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சேரப்போகும் அந்த டிரேடுக்கு மத்திய அங்கீகாரம் இருக்கிறதா, அல்லது மாநிலக் குழுவின் எஸ்.சி.வி.டி. சான்றிதழ் மட்டும்தானா. ஒரே நிலையத்தில் ஒரு பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து மற்றொன்றுக்கு இல்லாமல் போகலாம். கட்டணம் கட்டும் முன்பே, டிரேடின் பெயரைச் சொல்லி, அங்கீகாரக் கடிதத்தை நேரில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.