ஓசூர் சாலையின் மனநலப் பயிற்சி வரலாறு: எல்லைப்புற நோயாளியும் பயிற்சி மாணவரும்

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) ஓசூர் சாலையில் அமைந்துள்ளது. அச்சாலையின் மறுமுனை தமிழகத்தில் இருக்கிறது. ராயக்கோட்டைப் பகுதி மக்களுக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 250 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெங்களூருவோ அவர்களுக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் வசமாகிய ராயக்கோட்டை, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சென்னை மாகாண ஆட்சிக்குள் வந்தது. ஆட்சித் தலைநகர் கிழக்கே அமைந்தபோதும், சந்தை, இரயில் பாதை, மருத்துவம் ஆகியவை இப்பகுதியைப் பெங்களூருவோடு பிணைத்தே வைத்தன. எனவே இவ்வெல்லைப்புறத்து மனநலச் சிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர் மைசூர் அரசின் மருத்துவமனை வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. அம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவரைப் போலவே பயிற்சி பெற்ற மாணவரும் கவனத்திற்குரியவர். சிகிச்சையும் கற்பித்தலும் அங்கு ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்துள்ளன.

பெங்களூருவின் மனநோயர் காப்பகம் 1847இல் தோன்றியதாக நிறுவன வரலாறு குறிப்பிடுகிறது. 1925இல் மைசூர் அரசு அதனை மனநல மருத்துவமனை எனப் பெயர் மாற்றியது. இது சொல் மாற்றம் மட்டும் அன்று. காப்பகத்திற்குக் காவலர் போதும். மருத்துவமனைக்கு மருத்துவரும் செவிலியரும் வேண்டும். இந்தத் தேவையை அகில இந்திய அளவில் புள்ளிவிவரங்களோடு முன்வைத்தது 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையாகும். அன்றைய இந்தியாவில் மனநல மருத்துவமனைப் படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே இருந்தன. சுமார் 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்ற நிலை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று இருந்தது. கட்டடங்களைப் பெருக்குவதால் மட்டும் இவ்விடைவெளி நிரம்பாது, பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்பதே அக்குழுவின் பரிந்துரைகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

அப்பரிந்துரையின் பயனாக 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் பெங்களூருவில் நிறுவப்பட்டது. எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர் ஆனார். ஏற்கெனவே நோயாளிகள் நிறைந்திருந்த மருத்துவமனையின் வளாகத்தில் ஒரு கல்வி நிறுவனத்தை நிறுவியமை இங்குக் கருதத்தக்கது. 1955இல் மருத்துவர்க்கும் உளவியலாளர்க்கும் தனித்தனிப் பட்டயப் படிப்புகள் தொடங்கின. மனநலச் செவிலியர் பயிற்சி அடுத்து வந்தது. 1960களின் பிற்பகுதியில் மனநலச் சமூகப் பணியும் சேர்ந்தது. 1974 டிசம்பர் 27இல் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் உருவாயிற்று. இருபது ஆண்டுகள் அருகருகே இயங்கியவை சட்டப்படி ஒன்றானமை, நடைமுறையில் நெடுநாளாக நிலவிய உறவுக்குத் தரப்பட்ட ஒப்புதல் எனலாம்.

மாணவரின் அன்றாடப் பணி யாது என்பதை நிறுவன வரலாறுகள் விரிவாகச் சொல்வதில்லை. இயக்குநர்களும் கட்டடங்களும் பெறும் இடத்தை அவை மாணவர்க்கு அளிப்பதில்லை. ஆயினும் மனநல மருத்துவத்தின் இயல்பே அப்பணியை உணர்த்துகிறது. பெரும்பாலான மனநோய்களை இரத்தப் பரிசோதனையாலோ ஊடுகதிர்ப் படத்தாலோ உறுதிசெய்ய இயலாது. நோய் எப்போது தொடங்கியது, உறக்கமும் உணவும் எவ்வாறு மாறின, குடும்பத்தில் என்ன நிகழ்ந்தது என்பவற்றைக் கேட்டு எழுதும் நோய் வரலாறே கண்டறிதலின் அடித்தளம். கற்பிக்கும் மருத்துவமனைகளில் இவ்வரலாற்றை முதலில் கேட்டு எழுதுபவர் பெரும்பாலும் மாணவரே. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வழங்கும் ஓசூர், ராயக்கோட்டை வட்டாரத்திலிருந்து வரும் ஒருவரிடம் இதனைக் கேட்பது எளிய செயலன்று. ‘மனசு பாரமா இருக்கு’ என்பதை வருத்தம் என எழுதுவதா, நோய்க்குறி என எழுதுவதா என்ற முடிவைக் கேட்பவரின் மொழியறிவே தீர்மானிக்கிறது. நோயாளியின் பேச்சு மொழி தெரிந்த மாணவர் இங்கு வெறும் பார்வையாளர் அல்லர். பேராசிரியர் அளிக்கும் சிகிச்சையும் அவர் எழுதும் குறிப்பைச் சார்ந்தே அமைகிறது.

பெங்களூருப் பயிற்சி தமிழகத்திற்கு அளித்த கொடைக்கு எம். சாரதா மேனன் தலைசிறந்த சான்று. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படும் அவர், பெங்களூருவில் பயின்றபின் 1959இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் பணியேற்றார். 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். 1984இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். பூட்டிய அறைகளைக் கொண்ட பழைய காப்பக மரபிலிருந்து புறநோயாளர் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் கீழ்ப்பாக்கம் நகர்ந்ததில் அவர் பங்கு பெரிது. இதே காலத்தில், 1957இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையை அம்மையம் வளர்த்தது. அங்குப் பயின்ற மாணவர் நோயை மட்டுமன்றி நோயாளி திரும்பிச் செல்லவிருக்கும் வீட்டையும் காணும் வாய்ப்பைப் பெற்றார்.

1970களின் நடுப்பகுதியில் நிம்ஹான்ஸ், ஆனேக்கல் வட்டத்துச் சகலவாராவில் ஊரக மனநல மையத்தைத் தொடங்கியது. ஆனேக்கல் தமிழக எல்லையை ஒட்டிய வட்டமாகும். ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவருக்கும் பணியாளருக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்தால் சிற்றூர்களிலேயே சிகிச்சை வழங்கலாம் என்ற கருத்து அங்குச் சோதிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுத் தேசிய மனநலத் திட்டமும், பின்னர் பெல்லாரியில் நடைபெற்ற மாவட்ட அளவிலான முயற்சியும் இவ்வழியில் வந்தவை. தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் திருச்சியில் செயற்பட்டது. குறுகிய காலப் பயிற்சி என்பது தன்னளவில் குறையுடையதன்று என்பதற்குச் சகலவாரா அனுபவம் சான்றாகிறது. ஆனால் அங்குப் பயின்றவர், தாம் பணியாற்றும் ஊருக்கே திரும்பிச் சென்று அதே மக்களுக்குத் தொடர்ந்து பொறுப்பேற்றவர். இன்று பல கல்லூரிகள் உளவியல், சமூகப் பணி மாணவர்களை ஓரிரு வாரம் அல்லது ஒரு மாத உள்ளகப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. கால அளவு ஏறத்தாழ ஒன்றாயினும், பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு பிரியும் மாணவருக்கு அத்தொடர்பு இல்லை.

இங்கு நோயாளியின் நிலை என்ன என்ற வினா எழுகிறது. இலண்டன் பெத்லெம் காப்பகத்தில் 1770 வரை பொதுமக்கள் பெருமளவில் வந்து மனநோயரை வேடிக்கை பார்த்துச் சென்றனர். மருத்துவமனை மாணவரின் நோக்கம் அதனின்று முற்றிலும் வேறானது. எனினும் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் பத்துப் பேரை நோயாளி எவ்வாறு காண்கிறார் என்பது கற்பவரின் நோக்கத்தால் மட்டும் தீர்வதன்று. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இரு வகையில் இதனைத் தொடுகிறது. மனநலச் சமூகப் பணியாளரை வரையறுக்கும்போது மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பைக் கோருகிறது. மறுபுறம், தம் நோய், சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. கல்லூரியில் ஒப்படைக்க எழுதப்படும் பயிற்சி அறிக்கையில் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற பரவலான வழக்கம் இவ்வுரிமையை முழுமையாகக் காப்பதில்லை. ராயக்கோட்டை போன்ற சிற்றூரில் தெரு, தொழில், சாதி, குடும்ப நிகழ்வு ஆகியவற்றுள் இரண்டைச் சொன்னாலே ஆள் யார் என்று விளங்கிவிடும். பதிவேட்டுக்கு இன்றியமையாத அதே விவரங்களே ஆளையும் அடையாளம் காட்டிவிடுகின்றன.

மருத்துவ மாணவர்க்கான 2021ஆம் ஆண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி விதிகள், ஓராண்டுக் காலத்தில் மனநலத்திற்கு இரண்டு வாரங்களை ஒதுக்கின. முன்பு விருப்பத் தேர்வாக மட்டும் இருந்ததை நோக்க இது வளர்ச்சியே. நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதையும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதிருப்பதையும் காட்டியது. அந்த இரண்டு வாரங்களின் தேவையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2022இல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், ராயக்கோட்டை நோயாளியும் பயிற்சி மாணவரும் சந்திக்கும் இடம் மாநில எல்லைக்குள்ளேயே அமையும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. அச்சந்திப்பின் தொடக்கத்தில், தம் வரலாற்றை ஒரு மாணவர் கேட்பதற்கு உடன்படுகிறாரா என்று நோயாளியிடம் வினவ வேண்டும். அவ்வினா அவருடைய வீட்டு மொழியில் அமைய வேண்டும். மறுத்தால் சிகிச்சைக்குத் தடை நேராது என்பதையும் அம்மொழியிலேயே சொல்ல வேண்டும்.