சீதன வீடும் பாதுகாப்புக் கட்டளையும்

சில வருடங்களுக்கு முன், பாடசாலை விட்டு வகுப்பறைகளைப் பூட்டிக் கொண்டிருந்த நேரம், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் உம்மா என்னைத் தேடி வந்தார். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவதாக நான் சொல்லியனுப்பியிருந்தேன். காரணத்தைச் சொல்லத்தான் வந்திருந்தார். இரவில் வீட்டில் அடி, சத்தம். பிள்ளைகள் விடியும்வரை விழித்திருக்கின்றன. பொலிஸுக்கும் போயிருக்கிறார், பள்ளிவாசலுக்கும் போயிருக்கிறார், காதியாரிடமும் போயிருக்கிறார். மூன்று இடத்திலும் ‘பொறுத்துப் போங்க’ என்றுதான் சொன்னார்களாம். வழக்குப் போடலாமே என்றேன், எனக்குத் தெரிந்த மட்டில். அவர் சொன்ன பதில் இது: “கேஸ் போடலாம்தான் டீச்சர். போட்ட அன்டைக்கி ராவு நானும் இந்தப் புள்ளைகளும் எங்க படுக்கிற?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு இந்த நாட்டின் சட்டங்களையும் திணைக்களங்களின் வரலாற்றையும் தேடிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக் கொண்டேன். வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அரசு என்ன செய்திருக்கிறது என்று மதிப்பிடுவதற்கு அதைவிட நேரான அளவுகோலை நான் காணவில்லை.

தங்க இடமில்லாத பெண்ணை அரசு முதலில் குற்றவாளியாகத்தான் கண்டது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்துக்கு, தெருவில் நிற்கும் பெண் ஏன் நிற்கிறாள் என்பது பொருட்டல்ல. 1907இல் வந்த தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் அத்தகையவர்களை அடைத்து வைக்க இடம் தந்தது. பெயரில் ‘இல்லம்’ இருந்தாலும் வேலை தடுப்புத்தான். பிள்ளைகளின் கதையும் அதிகம் வேறல்ல. 1939இன் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றத்தையும் தடுப்பு இல்லத்தையும் சான்றுபெற்ற பாடசாலையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. குற்றம் செய்த பிள்ளையும் குற்றத்துக்கு ஆளான பிள்ளையும் ஒரே வாசலால் உள்ளே போனார்கள். 1956இல் உருவான திணைக்களத்தின் பெயரைப் பாருங்கள்: நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். அடிபட்ட பிள்ளை இன்றும் ‘நன்னடத்தை’ அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

பிறகு அமைப்புகள் பெருகின. 1978இல் மகளிர் பணியகம். 1981இல் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சர்வதேச சமவாயத்தை நாடு ஏற்றது. 1993இல் மகளிர் சாசனமும் தேசிய மகளிர் குழுவும், தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவுகள், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘மித்துரு பியச’ எனப்படும் நட்பு நிலையங்கள் பின்னர் வந்தன. காயத்துக்கு மருந்து போட வந்த இடத்திலேயே காயம் எப்படி வந்தது என்று கேட்க ஒருவர் இருப்பது பெரிய விஷயம். என் கண்ணில் இத்தனை சேவைகளுள் ஓரளவு நம்பக்கூடியது அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பெண் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

தொலைபேசி இலக்கங்களும் உண்டு: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. நம் சமூகத்தவருக்கு இரண்டாவது இலக்கம் இன்னொன்றையும் நினைவூட்டும். காதி முறைமைக்கு அடித்தளமிட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம் வந்த வருடமும் 1929தான். நடைமுறைக்கு வந்தது 1937இல். இன்றுள்ள 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் வந்தது.

இந்தச் சட்டத்தின் கீழ், கொடுமை செய்யும் கணவனிடமிருந்து பஸஹ் கேட்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. தாபரிப்பும் கேட்கலாம். ஆனால் காதி தீர்ப்பளித்த தாபரிப்பைக் கணவன் கட்டாவிட்டால், அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். சட்டத்தரணி அங்கே பேச முடியாது. அடித்ததைப் பற்றி விசாரிக்கும் அதிகாரம் வேறிடம், பிள்ளைச் செலவு வேறிடம், வீட்டுப் பிரச்சினை வேறிடம். ஒரே பெண் மூன்று கோவைகளாகப் பிரிந்து விடுகிறாள். எந்தக் கோவையும் மற்றக் கோவையோடு பேசுவதில்லை. காதிமாரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. சொற்பக் கொடுப்பனவுக்கு, பலர் தம் வீட்டு விறாந்தையில் வைத்தே விசாரிக்கிறார்கள். அரசு இந்த நீதிமன்றத்துக்கு ஒரு கட்டடத்தைக்கூட ஒழுங்காகத் தரவில்லை.

வயது விடயத்தைச் சொல்லாமல் கடந்து போவது சரியல்ல. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சம்மத வயது 16 ஆக்கப்பட்டது. ஆனால் 12 வயதுக்கு மேற்பட்ட மனைவிக்கு விதிவிலக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு பொது விவாகச் சட்டத்தில் ஆகக்குறைந்த வயது 18 ஆனபோது அது முஸ்லிம்களைத் தொடவில்லை. பதினைந்து வயது மணப்பெண் அடிவாங்கினால் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் அவளைப் பிள்ளையாகப் பார்ப்பதா, மனைவியாகப் பார்ப்பதா? நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஒன்பது வருடம்! அந்தக் கால இடைவெளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும். தன் கணவனைப் பற்றி ரஸூலுல்லாஹ்விடமே நேரில் முறையிட்ட பெண்ணின் பேச்சு ஓர் அத்தியாயத்துக்கே பெயராகிய சமூகம் இது. ‘குடும்பப் பிணக்கை வெளியே கொண்டு போகாதே’ என்பது எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்குவதில்லை.

இனி அந்த உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கிழக்கில் அதற்கு ஒரு பழைய பதில் இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடி வழி தாய்வழி. கல்யாணத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் பெற்றோர், முடிந்தால் சகோதரர்களும் சேர்ந்து, வீட்டைக் கட்டி அவள் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான் வரும். அது மரணத்துக்குப் பின்னுள்ள கணக்கு. வாழும்போதே எழுதிக் கொடுத்த வீடு அவளுடையது. சண்டை என்றால் வெளியேறுபவர் ஆண். ‘உம்மாட வீட்டுக்குப் போயிட்டார்’ என்று ஊர் சொல்லும். சீதனத்தை நான் புகழ்ந்து எழுதவில்லை. தங்கைக்கு வீடு கட்ட மத்திய கிழக்கில் வருடக்கணக்காய் உழைத்துத் தேய்ந்த நானாமாரையும், வீடில்லாததால் கல்யாணமில்லாமல் இருந்த பெண்களையும் நமக்குத் தெரியும். ஆனாலும் கூரை அவளுடையது என்பது உண்மை. பெண்ணுக்கு அது தடுப்பு இல்லமல்ல.

2004 டிசம்பர் 26 அந்தக் கூரைகளைக் கொண்டு போனது. அம்பாறை மாவட்டம்தான் அதிக உயிர்களை இழந்தது. சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக் கரையில் வீட்டோடு உறுதியும் போயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வந்தது. பலருக்கு வேறிடத்தில் வீடு தரப்பட்டது. அப்போது நிர்வாகம் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டது. படிவத்தின் அந்தக் கட்டத்தில் கணவனின் பெயரை எழுதினார்கள். உம்மாவின் வீடு, உம்மும்மாவின் வீடு என்று தாய்வழி வந்த இடம் ஒரே கையெழுத்தில் ஆணின் பெயருக்கு மாறியது. பெண்கள் அமைப்புகள் கூட்டு உரித்துக் கேட்டுப் போராடியது பதிவாகியிருக்கிறது. அரசு காணி விடயத்தில் இது புதிதுமல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆணுக்கே முன்னுரிமை தந்தது. அதைத் திருத்த 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே 2005இல்தான் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 34ஆம் இலக்கம், வந்தது. ஒரு கை வீட்டைக் கணவனின் பெயரில் எழுதிக் கொண்டிருந்தபோது, மறு கை அதே வீட்டுக்குள் அவன் நுழைவதைத் தடுக்க வழி செய்தது. நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் தாமே விண்ணப்பிக்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதங்கள் வரை செல்லும் பாதுகாப்புக் கட்டளை. மீறினால் சிறை அல்லது தண்டம். வசிக்கும் வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம். அவளை நிர்க்கதியாக்கும் வகையில் வீட்டை விற்பதையும் தடுக்கலாம். மனம் நோகச் செய்வதையும் வன்முறையாகக் கணக்கெடுக்கிறது. முஸ்லிம் பெண்ணுக்கு இதில் எந்த விலக்கும் இல்லை. காதியிடம் வழக்கு இருந்தாலும் இங்கே போகலாம். இதை நம்மவர் பலர் அறியார். அறிந்த பொலிஸார் பலரும் ‘சமாதானமாகப் போங்க’ என்பதையே செய்கிறார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது.

பெண் கேட்டால் தங்குமிடத்தில் சேர்ப்பிக்க நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை படிப்பித்தவர்களுக்குத் தெரியும், கண்ணகியைக் கவுந்தியடிகள் ஓர் ஆய்ச்சியின் கையில் ஒப்படைப்பார். அடைக்கலம் என்றால் ஒரு மனிதர் பொறுப்பேற்பது. சட்டத்தின் ‘தங்குமிடம்’ ஓர் இடம் மட்டுமே. அந்த இடமும் 25 மாவட்டங்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றென்றுகூட இல்லை. உள்ளவற்றில் பெரும்பகுதியைத் தொண்டு நிறுவனங்களே நடத்துகின்றன. கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள். வளர்ந்த ஆண் பிள்ளையைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. அதனால் உம்மா ஓரிடம், மகன் ஓரிடம். இந்நாட்டில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்வில் ஒருமுறையாவது ஆளாகியிருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானோரில் ஏறக்குறைய பாதிப்பேர் வெட்கத்தாலும் பயத்தாலும் எந்தச் சேவையையும் நாடவில்லை. சேவைகளின் தரத்தை ஆராய்வோர் வந்தவர்களிடம் கேட்கிறார்கள். வராத அந்தப் பாதிப்பேர் எந்தப் படிவத்திலும் இல்லை. 2024இல் 37ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் வரும் ஆணைக்குழுவுக்கு, என்னைக் கேட்டால், முதலில் கொடுக்க வேண்டிய வேலை புதிய இலக்கமோ சுவரொட்டியோ அல்ல. சுனாமி வீடுகளின் உரித்துப் பத்திரங்களைப் பிரதேச செயலகம் பிரதேச செயலகமாக எடுத்து, தாய்வழி வந்த இடங்களில் பெண்ணின் பெயரைத் திரும்பச் சேர்ப்பதுதான்.

அந்த உம்மாவின் வீடும் அப்படிக் கிடைத்ததுதான். அவரது சொந்தச் சீதன வீடு கடலோடு போய், மாற்று வீடு கணவனின் பெயரில் வந்திருந்தது. சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரை ஒருவழியாய்ப் பிடித்தோம். பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. வீடு யார் பெயரில் என்பது அன்று கேள்வியாகவில்லை. அவர் தன் உம்மாட வீட்டுக்குப் போனார், ஊரின் பழைய வழக்கப்படியே. பிள்ளை வகுப்பில் தூங்குவது நின்றது. அடுத்த வருடம் கட்டளையின் 12 மாதங்கள் முடிந்த கிழமை, உம்மா மறுபடியும் பாடசாலைக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கட்டளையின் பிரதியும், கணவன் பெயரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் போட்டோப் பிரதியும் இருந்தன. “இதுல எதைக் காட்டினா டீச்சர் வீட்டுல இருக்கலாம்?” என்று கேட்டார்.