எம்பிடிபி நஞ்சும் நடுக்குவாத ஆய்வு வரலாறும்

எம்பிடிபி என்பது மூளையில் டோப்பமினைச் சுரக்கும் நரம்பணுக்களை அழிக்கும் வேதிப்பொருள் ஆகும். 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தற்செயலாக வெளிப்பட்ட இதன் நச்சுத்தன்மை, பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தில் நரம்பணுக்கள் எவ்வாறு இறக்கக்கூடும் என்பதைப் படிப்படியாக ஆராய வழிவகுத்தது.

பின்னணி

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்தார். நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியில் நரம்பணுக்கள் அழிந்திருப்பதை 1919-இல் திரெத்தியாக்கோவ் காட்டினார். நோயாளிகளின் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் குழுவினர் கண்டறிந்தனர். அதன்பின் வந்த லெவோடோபா மருந்து அக்குறையை ஈடுசெய்தது. ஆனால், நரம்பணுக்கள் இறப்பதை அது நிறுத்தவில்லை. அவை ஏன் இறக்கின்றன என்பதும் விளங்கவில்லை.

கலிபோர்னிய நிகழ்வு

1982-இல் போதை ஊசி போட்டுக்கொண்ட சிலர், உடல் விறைத்து, அசையவும் பேசவும் இயலாத நிலையில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். பொதுவாக முதியோரிடம் பல ஆண்டுகளில் முற்றும் நோயின் அறிகுறிகள், வயதில் இளையவர்களிடம் குறுகிய காலத்தில் தோன்றியிருந்தன. கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கைப் போதைப்பொருளில் எம்பிடிபி கலந்திருந்ததே காரணம் என நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தனர். அக்கட்டுரை 4 நோயாளிகளைப் பற்றியது. லெவோடோபா அவர்களுக்கு அசைவைத் திருப்பித் தந்தது. இறந்த நரம்பணுக்களைத் திருப்பித் தரவில்லை.

அணு இறப்பின் படிகள்

அடுத்த சில ஆண்டுகளில் நஞ்சின் பாதை தெளிவாயிற்று. எம்பிடிபி குருதியிலிருந்து எளிதில் மூளைக்குள் நுழைகிறது. அங்கு துணை அணுக்களில் உள்ள 'மோனோஅமைன் ஆக்சிடேசு-பி' என்னும் நொதி அதனை எம்பிபி அயனியாக மாற்றுகிறது; உண்மையான நஞ்சு இதுவே. டோப்பமினை மீள உறிஞ்சும் கடத்திப் புரதம் இந்த அயனியையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிற நரம்பணுக்கள் பெரும்பாலும் தப்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உட்சென்ற அயனி மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உருவாக்கும் தொடரின் முதல் கூட்டமைப்பை முடக்குகிறது. ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைகிறது; தீங்கு செய்யும் ஆக்சிசன் மூலக்கூறுகள் பெருகுகின்றன; நரம்பணு இறக்கிறது.

நடுக்குவாதத்துடன் தொடர்பு

எம்பிடிபியை ஒருபோதும் தொடாத நடுக்குவாத நோயாளிகளின் மூளையிலும் இதே முதல் கூட்டமைப்பின் செயல் குறைந்திருப்பதை 1989-இல் இலண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். பரம்பரையாக வரும் நடுக்குவாதத்துடன் தொடர்புடைய பார்க்கின், பிங்க்1 மரபணுக்கள் முறையே 1998, 2004 ஆண்டுகளில் அறியப்பட்டன. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் பணியில் இவற்றின் புரதங்கள் இணைந்து செயல்படுவது பின்னர் விளங்கியது. நஞ்சும் மரபும் ஒரே உறுப்பைச் சுட்டின.

மருத்துவ முயற்சி

மேற்சொன்ன நொதியைத் தடுத்தால் விலங்குகள் எம்பிடிபியிலிருந்து காக்கப்பட்டன. ஆகவே, அந்நொதியைத் தடுக்கும் செலிகிலின் மருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. லெவோடோபா தேவைப்படும் காலத்தை அது தள்ளிப்போட்டது. எனினும், அது அறிகுறிகளையும் தணிப்பதால், நரம்பணுக்களைக் காத்ததாக உறுதிசெய்ய முடியவில்லை. உடன் சோதிக்கப்பட்ட உயிர்ச்சத்து 'ஈ' பயன் தரவில்லை.

எம்பிடிபி ஒரே முறை தாக்கும் நஞ்சு; நடுக்குவாதமோ பல காரணங்களால் ஆண்டுக்கணக்கில் வளர்வது. இவ்வேறுபாட்டினால், விலங்குகளில் வெற்றி பெற்ற பல மருந்துகள் மனிதரிடம் பயனளிக்கவில்லை. நரம்பணு இறக்கும் வழிகளில் ஒன்றை அறிவியல் அறிந்துகொண்டது. அவ்விறப்பைத் தடுத்து நிறுத்தும் மருந்தோ இன்னும் உறுதிப்படவில்லை.