சில்லுகளின் மேல் ஒரு வீடு

தீவொன்றில் பிறந்தவனுக்கு நில எல்லை என்பது தேசப்படத்தில் காணும் ஒரு கோடு மட்டுமே. நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்து எல்லைத் தகராறுகளைப் பற்றிய வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தும் செப்பனிட்டும் வந்த நான், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தரைவழியாகச் சென்றது அறுபது வயதைக் கடந்த பின்னர்தான். அதுவும் ஒரு வீட்டுக்குள் அமர்ந்தபடி.

2007 ஆம் ஆண்டுக் கோடைகாலம். ரொறொன்ரோவில் வாழும் என் தம்பி, முப்பது அடி நீளமான ‘மோட்டார் ஹோம்’ ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். கட்டில்கள், எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை என ஒரு சிறு வீட்டுக்குரிய யாவும் அதனுள் இருந்தன. தம்பியின் மனைவி ஒரு மூலையில் நல்லூர்க் கந்தனின் படத்தை வைத்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டே ஏறவேண்டும் என்பது முதல் நாளே பிறப்பிக்கப்பட்ட கட்டளை.

நயாகரா ஆற்றின் மேலுள்ள பாலமொன்றைக் கடந்து அமெரிக்கச் சோதனை நிலையத்தை அடைந்தோம். ஏனையோரிடம் கனேடியக் கடவுச்சீட்டு. என்னிடம் மட்டும் இலங்கைக் கடவுச்சீட்டு. ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்தும்படி பணித்தார்கள். வீசா இருந்தபோதிலும் உள்ளே சென்று படிவமொன்றை நிரப்பவேண்டியிருந்தது. நான் திரும்பி வந்தபோது ஓர் அதிகாரி எங்கள் ‘வீட்டுக்குள்’ நின்று அலுமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோடம்பழங்களையும் ஒரு பிடி கறிவேப்பிலையையும் ஒரு பையில் இட்டு எடுத்துக்கொண்டார். மரியாதையாகவே பேசினார். தம் கடமையைத் தவறின்றிச் செய்தார்.

அவர் இறங்கிய பின்னர் தம்பியின் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: “சப்பாத்தோடை உள்ளுக்கு வந்திட்டார், அத்தான்.”

தம்பியின் மகள் என்னைப் பார்த்தாள். “பெரியப்பா, இது வீடோ, வாகனமோ?”

கறிவேப்பிலை பறிக்கப்பட்ட காரணத்தை அன்றிரவே அறிந்துகொண்டேன். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயொன்று 2005 இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் பூச்சி எங்கள் கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்வது. ஆனால் பிள்ளையின் கேள்விக்கு விடை தேட எனக்குச் சில ஆண்டுகள் சென்றன. தேடியதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

வீட்டை வாகனமாக்கி எல்லைகளைக் கடக்கும் வழக்கத்தை அமெரிக்கர்களிடையே பரப்பியவர்களில் முதன்மையானவர் வொலி பயம். 1896 இல் ஒரேகன் மாநிலத்தில் பிறந்த இவர், 1931 இல் ‘எயார்ஸ்ட்ரீம்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் வெள்ளி நிற அலுமினிய வீடுகள் அவருடைய தயாரிப்பு. 1951 இன் இறுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட இழுவை வீடுகளைத் திரட்டிக்கொண்டு ரெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவிலிருந்து மெக்சிக்கோவுக்குள் நுழைந்து மத்திய அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார். கரடுமுரடான பாதைகள் பெரும்பாலானவர்களை இடைவழியிலேயே திருப்பி அனுப்பின. எனினும் அவர் சோரவில்லை. 1959-60 இல் 41 இழுவை வீடுகள் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை சென்றன. 221 நாட்கள் நீடித்த பயணம் அது. பெல்ஜிய கொங்கோ, கென்யா, எதியோப்பியா என ஒவ்வொரு எல்லையாகக் கடந்தார்கள்.

அந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கடந்த நாடுகளில் பல அப்போது ஐரோப்பியரின் குடியேற்ற நாடுகள். கொங்கோ சுதந்திரமடைந்தது 1960 ஜூன் 30 அன்று. அதைத் தொடர்ந்து வெடித்த குழப்பத்தில் அப்படியொரு அணிவகுப்பை எவரும் எண்ணிப்பார்த்திருக்கவும் முடியாது.

இத்தகைய பயணங்களுக்கு வழிசமைத்தது எஞ்சினின் வலு மட்டுமன்று, காகிதமும்தான். ஒரு நாட்டுக்குள் வாகனத்தைக் கொண்டுசென்று விற்றுவிட்டால் அந்த நாட்டுக்குச் சுங்க வரி நட்டம். அதைத் தடுக்கவே ‘கார்னே’ எனப்படும் சுங்கக் கடவைப் புத்தகம் வந்தது. நுழையும்போது ஒரு துண்டு, வெளியேறும்போது ஒரு துண்டு கிழிக்கப்படும். வாகனம் வெளியேறாவிட்டால் புத்தகத்தை வழங்கிய மோட்டார் சங்கம் வரிக்குப் பொறுப்பு. 1954 ஜூனில் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இதற்கான சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்தானது. காருடன் வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, இழுவைப் பெட்டியும் ‘வாகனம்’ என்றே அதில் வரையறுக்கப்பட்டது. மெக்சிக்கோவின் ஸ்பானிய மொழியில் மோட்டார் ஹோமுக்கு ‘உருளும் வீடு’ என்று பெயர். அந்த நாடு அதற்குப் பத்தாண்டு அனுமதிப் பத்திரம் வழங்குகிறது. ஆயினும் அந்தப் பத்திரமும் வாகனத்துக்கு உரியதே.

சுங்க ஏடு இவ்வாறு சொல்ல, நீதிமன்றம் என்ன சொன்னது? அமெரிக்காவின் முதலாவது காங்கிரஸ் 1789 ஜூலையில் இயற்றிய சுங்கச் சட்டம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. வரி கட்டாத பொருள் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் அதிகாரி கப்பலுக்குள் நேரே ஏறலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதாயின் நீதவானிடம் பிடியாணை பெறவேண்டும். கப்பல் நகர்ந்துவிடும், வீடு நகராது என்பதே இதன் தர்க்கம். மதுவிலக்குக் காலத்தில், 1925 இல், அதே தர்க்கம் மோட்டார் காருக்கும் விரிந்தது. மிச்சிகன் வீதியொன்றில் மறிக்கப்பட்ட காரின் இருக்கைக்குள் 68 மதுப் போத்தல்கள் அகப்பட்ட கரோல் வழக்கு அது.

அப்படியாயின் நகரும் வீடு எந்தப் பக்கம்? இந்தக் கேள்வி கார்னி என்பவரின் வழக்கில் 1985 மே மாதம் அமெரிக்க உயர்நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. சான் டியேகோ நகரின் வாகனத் தரிப்பிடமொன்றில், ஜன்னல் திரைகள் மூடப்பட்டு நின்ற மோட்டார் ஹோமைப் பிடியாணையின்றிச் சோதித்தது சரியே என ஆறு நீதியரசர்கள் தீர்ப்பளித்தார்கள். மூவர் மறுத்தார்கள். கட்டிலும் அடுப்பும் திரைச்சீலையும் உள்ள இடத்தை வெறும் வாகனமெனக் கொள்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. சில்லுகளைக் கழற்றிக் கற்களின் மேல் இருத்தி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்த வண்டி பற்றிப் பெரும்பான்மையினர் முடிவு கூறாது விட்டுவிட்டார்கள். இவ்வளவும் உள்நாட்டு வீதிக்கு. எல்லையிலோ அரசின் அதிகாரம் இன்னும் பெரிது. எவ்விதச் சந்தேகமும் இன்றியே காரின் எரிபொருள் தாங்கியைக் கழற்றிச் சோதிக்கலாம் என 2004 இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

ஆக, பிள்ளைக்கு நான் சொல்லவேண்டிய விடை இதுதான்: நிற்கும்போது வீடு, நகரும்போது வாகனம், எல்லையில் வெறும் பொதி.

ஆனால் வீட்டைச் சில்லுகளில் ஏற்றியவர்கள் உல்லாசப் பயணிகள் மட்டுமல்லர். 2008 இல் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது கதவு நிலைகளையும் கூரைத் தகரங்களையும் கழற்றி ரக்ரர் பெட்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். அவர்களும் தத்தம் வீடுகளையே இழுத்துச் சென்றார்கள். 2009 இல் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அவர்கள் வந்தபோது அந்தப் பெட்டிகள் கூட வரவில்லை. முல்லைத்தீவின் மணலில் எரிந்தும் துருவேறியும் கிடந்த வாகனங்களின் படங்களை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கார்னே புத்தகம் எழுதிக் கொடுக்க எந்தச் சங்கமும் இருக்கவில்லை.

எங்கள் பயணத்தின் இறுதி நாளில் அதே பாலத்தால் கனடாவுக்குத் திரும்பினோம். வரிசை நீண்டிருந்தது. வண்டியை ஓட்டிய தம்பி திடீரென்று சொன்னான்: “அண்ணா, 91 இலை இந்தப் பாலத்தாலை தான் நான் வந்தனான். ஒரு தோற்பையும் ஒரு சோடி உடுப்பும். அகதியெண்டு சொன்னன். உள்ளுக்கு விட்டாங்கள்.”

அவனைப் போல் அமெரிக்கா வழியாக வந்து, பஃபலோ நகரில் காத்திருந்து, நயாகராவைக் கடந்து தஞ்சம் கோரிய எம்மவர் பலர். 2004 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, அவ்வாறு தரைவழி எல்லை நிலையத்துக்கு வருபவர்கள், கனடாவில் நெருங்கிய உறவினர் இருத்தல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2023 மார்ச்சில் அது எல்லை நிலையங்களுக்கு வெளியேயும் முழு நில எல்லைக்கும் விரிவாக்கப்பட்டது. 1991 இல் அங்கே தனக்கு உறவென்று எவரும் இல்லாதிருந்த தம்பி, இன்று அந்தத் தோற்பையோடு வந்தால் அந்தப் பாலத்திலேயே திருப்பப்படுவான்.

கனேடிய அதிகாரி எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். தம்பி பதில் சொன்னான். முப்பது அடி வீடு மெல்ல உருண்டது. பின்னால் தம்பியின் மனைவி, முதல் நாள் துடைத்த அதே வாசற்படியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.