மீட்டு வந்த பெரிய நாயை வளர்க்கிறீர்களா? வீடே சேர்ந்து பழக்குங்கள்!

தோட்டக் காவலுக்கு ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்களை வளர்ப்பது நம் வழக்கம். நகரத்தில் வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வெய்லர் போன்ற நாய்களையும் சிலர் இரக்கப்பட்டு தோட்டத்துக்குக் கொண்டு வருகிறார்கள். 30, 40 கிலோ எடையுள்ள நாயை ஒருவரின் கைபலத்தால் அடக்க முடியாது. வீட்டில் உள்ள அனைவரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் அது கட்டுக்குள் நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

தடுப்பூசி போட்ட அட்டை இல்லையென்றால், போடாத நாய் என்றே கருதுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் கொடுங்கள். கருத்தடை செய்வது பற்றியும் கேளுங்கள்.

புது இடத்தில் நாய் முதல் சில நாட்கள் பயத்தில் அமைதியாக இருக்கும். அதன் உண்மையான குணம் தெரிய சில வாரங்கள் ஆகும். அதுவரை 'சாதுவான நாய்' என்று நம்பி அவிழ்த்து விடாதீர்கள். நிழலும் தண்ணீரும் உள்ள, உயரமான வேலி போட்ட தனி இடம் கொடுங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டினால் மூர்க்கம் கூடும். காலையும் மாலையும் நடக்க அழைத்துச் செல்லுங்கள்.

யாருக்கு என்ன வேலை?

* கயிற்றைப் பிடிப்பவர் பலமுள்ள பெரியவராக இருக்க வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் பாய்ந்தால் கை முறியலாம்.
* 'உட்கார்', 'நில்', 'வா' என்ற சொற்களை எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அப்பா தடுத்ததைப் பிள்ளை அனுமதித்தால் நாய் குழம்பிவிடும்.
* சொன்னதைக் கேட்டால் உடனே சிறு தீனி கொடுங்கள். அடித்தால் பயம்தான் வளரும். பயந்த நாய்தான் கடிக்கும்.
* குழந்தைகளை நாயுடன் தனியே விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் அதைத் தொடக் கூடாது.

ஆடு, கோழி இருந்தால்...

ஆட்டுப்பட்டியைத் தூரத்திலிருந்து காட்டத் தொடங்குங்கள். கயிற்றில் பிடித்தபடியே நாளுக்கு நாள் கொஞ்சம் அருகில் கொண்டு போங்கள். துரத்த முயன்றால் திருப்பி அழைத்துச் செல்லுங்கள். முழு நம்பிக்கை வரும்வரை இரவில் அவிழ்க்காதீர்கள். அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள நாடாப்புழுக் கட்டிகள் நாய் வழியாக மனிதருக்கும் நோய் பரப்பும். எலி மருந்தும் பூச்சிமருந்தும் அதற்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

உறுமலை அடக்காதீர்கள்

உடல் விறைத்து நிற்பது, உறுமுவது, பல்லைக் காட்டுவது எல்லாம் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம். விலகி நின்று, எதனால் உறுமியது என்று பாருங்கள்.

கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். நாயைக் கட்டி வைத்து 10 நாட்கள் கவனியுங்கள்.

பழக்கியும் அடங்காத நாயை மீண்டும் ரோட்டில் விடாதீர்கள். அது அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கலாம். கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு, அதைச் சமாளிக்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.