கொள்ளைநோயும் கைத்தொண்டும்

தோற்றுவாய்

தொண்டு என்னும் சொல் பல பொருள் குறித்த பழஞ்சொல்லாகும். ஒன்பது என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லாக அது தொல்காப்பியத்தும் பரிபாடலிலும் வந்துள்ளது. பின்னர்ப் பத்திமை இலக்கியங்களில் அடிமைத்திறம், திருப்பணி என்னும் பொருள்கள் அதற்கு வலுப்பெற்றன. இந்நூற்றாண்டில் அச்சொல், ஊதியங் கருதாது பிறர்க்கு உழைத்தல் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. அத்தொண்டினை ஆற்றுதற்கு இன்று அமைப்புகள் உள. அவ்வமைப்புகட்கு ஆண்டு நிரல்கள் உள. நிரல்கட்கு நாளும் இடமும் உள. மக்கள் ஒருவரையொருவர் அணுகுதலே தீங்காகும் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் அந்நிரல்கள் என்னாகின்றன? நிரல் முறிந்தபின் தொண்டு எஞ்சுகின்றதா? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களனாகப் பிளவக்கல்லைச் சூழ்ந்த பகுதியைக் கொள்வாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, வத்திராயிருப்பை அடுத்துப் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் அமைந்த இடம் இது. இவற்றின் நீர் கண்மாய்களை நிரப்பிக் கழனிகளை விளைவிக்கின்றது. கண்மாய்க் கரையை ஊரார் கூடிக் காத்தலாகிய குடிமராமத்து, தொண்டமைப்பு என்னும் பெயர் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே தென்னாட்டில் இருந்த கூட்டுழைப்பாகும். தெற்கே திருவில்லிபுத்தூர் உள்ளது. நந்தவனம் அமைத்து இறைவற்குப் பூமாலை தொடுத்த பெரியாழ்வாரின் மலர்த்தொண்டு நிகழ்ந்த ஊர் அது. அதற்கும் தெற்கே இராசபாளையமும், மருத்துவத்திற்குரிய கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியும் உள்ளன. சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்ததும் இராசபாளையத்திலேயாம். ஆகலின், கைத்தொண்டும் கொடைத்தொண்டும் ஒருங்கே வேரூன்றிய நிலம் இஃது என்பது பொருந்தும்.

வாசி தீர்ந்த காசு

பொதுத்துன்பம் நேர்ந்த காலத்தில் தொண்டர் செய்வது யாது என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு வரலாறு உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். சம்பந்தர் மடத்தில் மட்டும் உணவு காலந்தாழ்ந்தது. காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசிற்கு வாசி கொடுக்க வேண்டியிருந்தது எனவும், நாவுக்கரசர் பெற்ற காசு வாசியின்றிச் சென்றது எனவும் தெரிந்தது. நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்களில் கைத்தொண்டு செய்பவர். அதனாலேயே அவர் காசு நற்காசாயிற்று என்பது கதை தரும் விளக்கம்.

இதனைப் பொருளியல் வரலாற்றுச் சான்றாக யாம் கொள்ளவில்லை. ஒரு மதிப்பீட்டின் சான்றாகவே கொள்கின்றோம். ஒரே பஞ்சம், ஒரே அளவுக் காசு, ஒரே நோக்கம். எனினும் உடலால் உழைப்பவன் கைப்பட்ட பொருள் விரைந்து பசித்தோரைச் சென்றடைகின்றது எனச் சேக்கிழார் காலத் தமிழகம் கருதிற்று. கொள்ளைநோய்க் காலங்களில் இம்மதிப்பீடு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை இனிக் காண்போம்.

சட்டமும் சங்கமும்

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றிற்று. 1897 பிப்பிரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டு மே முதல் நாள் கல்கத்தாவில் இராமகிருஷ்ண சங்கம் நிறுவப்பெற்றது. அதற்கு மூன்று திங்கள் முன்னரேதான், அதாவது 1897 சனவரி 26-ஆம் நாள், விவேகானந்தர் மேலைநாட்டினின்று மீண்டு பாம்பனில் இறங்கிப் பாசுகர சேதுபதியின் வரவேற்பை ஏற்றிருந்தார். கொள்ளைநோயைத் தடுக்கும் சட்டமும் தொண்டாற்றும் சங்கமும் ஓராண்டிலேயே பிறந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னது அதிகாரத்தின் கை. பின்னது அன்பின் கை.

அதிகாரத்தின் கை பூனாவில் கடுமையாக நீண்டது. படைவீரர் வீடுபுகுந்து நோயாளரைத் தேடிய முறை மக்களை வெகுளச் செய்தது. பிளேக்குத் தடுப்பு அலுவலராயிருந்த ராண்டு 1897 சூன் 22-ஆம் நாள் சுடப்பட்டார். கல்கத்தாவிலோ 1898-இல் நோயச்சம் பரவியபோது, பணத்திற்கு என்செய்வது என வினவியவர்க்கு, வேண்டுமாயின் மடத்திற்கென வாங்கிய நிலத்தையே விற்போம் என்னும் கருத்துப்பட விவேகானந்தர் விடையிறுத்தார். 1899-இல் நிவேதிதையும் சதானந்தரும் சேரிகளின் தெருக்களைத் தூய்மை செய்வதில் முன்னின்றனர். சங்கம் தோன்றி ஈராண்டே ஆகியிருந்தது. காப்பதற்கென நெடிய நிரல் ஒன்றும் அதற்கு இல்லை. ஆகவே, எதனை நிறுத்துவது என்னும் இடர்ப்பாடும் அதற்கு எழவில்லை. துடைப்பத்தைக் கையிலெடுத்தலே அதன் நிரலாயிற்று.

1918: எண்ணப்படாத தொண்டர்

1918 சூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த இன்புளூயன்சா, செப்டம்பரில் பன்மடங்கு கொடியதாய் மீண்டும் எழுந்தது. இந்தியாவில் மட்டும் மாண்டோர் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி வரை என ஆய்வாளர் பலவாறு மதிப்பிடுவர். 1911-க்கும் 1921-க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை குறைந்தது. மக்கட்கணக்கு எடுக்கத் தொடங்கிய பின்னர் அவ்வாறு குறைந்த பத்தாண்டு அஃது ஒன்றே. போரின் பொருட்டு மருத்துவர் பலர் வெளிநாடு சென்றிருந்தனர், மழையும் பொய்த்தது, விலைவாசி ஏறிற்று.

அரசின் கை தளர்ந்த அந்நாளில் பம்பாய் மாகாணத்தில் சாதிச் சங்கங்களும் சமூக சேவைச் சங்கங்களும் மாணவரும் மருந்தும் கஞ்சியும் ஏந்தி வீடுதோறும் சென்றனர். அந்நோய்க்கு மருந்து இல்லை. நீரும் கஞ்சியும் போர்வையும் தந்து அருகிருந்து பேணுதலே பலரைப் பிழைக்க வைத்தது. ஓர் இல்லத்தில் எல்லாரும் ஒருங்கே வீழ்ந்த வேளையில் நீர் முகந்து தர ஒருவர் உண்டா இல்லையா என்பதே உயிரை முடிவுசெய்தது. மருத்துவம் கைவிட்ட இடத்தில் தொண்டே மருத்துவமாயிற்று என்பது மிகையன்று.

மக்கட்கணக்கு மாண்டோரை எண்ணிற்று, தொண்டரை எண்ணவில்லை. கஞ்சி கொண்டு சென்றவர் பெயர்கள் ஏடேறாமையின், வரலாறு அத்தொண்டினைச் சங்கங்களின் பெயராலேயே அறிகின்றது. இவ்விழப்பு மீண்டும் நேராமற் காத்தல் நம் கடன் என்பதை ஈண்டுக் குறித்து மேற்செல்வாம்.

2020: கூடுதல் ஒழிந்த காலம்

1918-க்கும் 2020-க்கும் இடையே தொண்டு நிறுவனமயமாயிற்று. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கிற்று. ஆண்டிற்கு 120 மணி நேரப் பணியும், தேர்ந்த ஓர் ஊரில் ஏழுநாள் முகாமும் அதன் நிரல். மதுரையில் கோ. வேங்கடசாமி 1976-இல் நிறுவிய அரவிந்து கண் மருத்துவமனை, ஊர்தோறும் அரிமா சங்கம் முதலான அமைப்புகளின் துணையுடன் கண் முகாம்களை நடத்தி வந்தது. குருதிக்கொடை முகாம்கட்குக் கல்லூரி மாணவரே பெருந்துணை.

இவை அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: அது கூடுதல். கூடினாலன்றி முகாம் இல்லை. 2020 மார்ச்சு 7-ஆம் நாள் தமிழகத்தில் முதல் நோயாளர் கண்டறியப்பட்டார். அத்திங்களின் நடுவில் கல்லூரிகள் மூடின. 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. முகாம்கள் ஒருங்கே நின்றன. ஆயிரக்கணக்கானோர் வடம்பிடிக்கும் திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரும் 2020, 2021 ஆகிய ஈராண்டும் தன் வீதிகளில் ஓடவில்லை.

நிறுத்தத்தின் விளைவு எல்லாப் பணிக்கும் ஒரு தன்மைத்தன்று. கண்புரை நோயாளர்க்கு முகாம் தள்ளிப்போதல் இருளின் நீட்சியாகும். எனினும் பின்னர் அறுவை செய்தால் பார்வை மீளும். குருதியின் நிலையோ வேறு. செங்குருதியணுக்களை ஏறத்தாழ ஆறு கிழமையும், தட்டணுக்களை ஐந்து நாளுமே சேமிக்கவியலும். முகாம் நின்ற சில கிழமைகளில் பேழை வறிதாகும். ஆகவே, பெருமுகாம் விடுத்து, கொடையாளரைச் சிற்சிலராக நேரம் வகுத்து மருத்துவமனைக்கே அழைக்கும் முறை கையாளப்பட்டது. கூட்டத்தை உடைத்துத் தொண்டினைக் காத்தனர் என்க.

மாணவத் தொண்டர் நிலையில் நேர்ந்த மாற்றம் இன்னும் நுண்ணியது. நிரலின்படி அவர்கள் தத்தெடுத்த ஊர்க்குச் செல்லவேண்டியவர்; ஊரடங்கோ அவர்களைச் சொந்த ஊரிலேயே இருத்திற்று. முகக்கவசம் தைத்தலும், முதியோர்க்கு மருந்து வாங்கித் தருதலும், நியாயவிலைக் கடை வாயிலில் இடைவெளிக்கு வட்டம் வரைதலும் அவர்தம் பணியாயின. விருந்தினராய்ச் சென்று ஆற்றிய தொண்டு, அயலாராய் நின்று ஆற்றும் தொண்டாக மாறிற்று. அயலார் ஆற்றும் தொண்டிற்குத் தொடக்க விழாவும் இல்லை, நிறைவு விழாவும் இல்லை.

அதிகாரத்தின் கைக்கும் அன்பின் கைக்கும் இடையே பழைய முரண் இம்முறையும் தலைகாட்டிற்று. 2020 ஏப்பிரலில், தன்னார்வலர் உணவுப்பொருளை நேரே வழங்கலாகாது, அலுவலர் வழியே வழங்குக எனத் தமிழக அரசு ஆணையிட்டது. கூட்டம் நோய் பரப்பும் என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் பசி அலுவலக நேரம் பார்ப்பதில்லை. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. வரையறைகளுக்கு உட்பட்டு நேரே வழங்க நீதிமன்றம் இசைவளித்தது. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இலும் நாட்டில் கையாளப்பட்டது என்பதை நோக்க, இம்முரண் தற்செயலானதன்று என்பது புலனாகும்.

இல்லம் தேடிய கல்வி

கொள்ளைநோய் தணிந்தபின் தோன்றும் தொண்டும் ஆராயத்தக்கது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறார்க்கு 2021 நவம்பர் முதல் நாளே பள்ளிகள் திறந்தன. ஒன்றரை ஆண்டிற்கு மேலாக அவர்கள் வகுப்பறையைக் கண்டிலர். கல்வித் தொலைக்காட்சியும் செல்பேசி வழிப் பாடமும் இருந்தன. ஆயினும் மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிற்கும், ஒரு செல்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் கூலியாளர் வீட்டிற்கும் அவை எட்டும் அளவு சிறிதே.

2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம் இக்குறையை நோக்கி எழுந்தது. ஊரிலுள்ள படித்தவர், பெரும்பாலும் பெண்கள், மாலைவேளையில் ஏறத்தாழ இருபது சிறார்க்கு ஒன்றரை மணி நேரம் பாடங் கற்பித்தனர். பள்ளியிற் கூட்டுவதை விடுத்துத் திண்ணையிலும் மரநிழலிலும் சிறு குழுக்களாகக் கற்பித்தமை, நோய்க்காலம் கற்பித்த பாடமே. அபிசித்து சிங், மௌரீசியோ உரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊர்ப்புறச் சிறார் ஏறத்தாழ 19,000 பேரை ஆய்ந்தனர். கற்றல் இழப்புத் தமிழைவிடக் கணக்கில் மிகுதி எனவும், பள்ளி திறந்த ஆறு திங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது எனவும், அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தின் பயனாகலாம் எனவும் கண்டனர்.

ஈண்டு ஒரு தடை எழுப்பலாம். இத்தொண்டர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் உரூபா ஊக்கத்தொகை தரப்பட்டது. ஊதியம் பெறுவது தொண்டாகுமா என்பர் ஒருசாரார். எம் கருத்தில் தடை மறுதலையாக எழுப்பப்படவேண்டும். அத்தொகை தொண்டின் தூய்மையைக் கெடுக்கின்றதா என்பது வினாவன்று. தொண்டு என்னும் பெயர் ஒரு பெண்ணின் உழைப்பிற்கு உரிய மதிப்பைக் குறைத்துவிடுகின்றதா என்பதே வினா. வாசி கழித்த காசினைத் தொண்டர்க்கு அளிப்பது சேக்கிழார் கூறிய அறத்தைத் தலைகீழாக்குவதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் மூன்று உண்மைகள் பெறப்படும். கூடுதலை உயிராகக் கொண்ட நிரல்கள் கொள்ளைநோயில் முதற்கண் முறிகின்றன; இடத்தை உயிராகக் கொண்ட தொண்டு எஞ்சுகின்றது. அதிகாரம் தொண்டினைத் தன் வாயிலாகவே செலுத்த விழையும். பசியும் நோயும் அவ்வாயிலில் காத்திரா. நெருக்கடியில் புகழப்படும் கைத்தொண்டு, நெருக்கடி நீங்கியபின் எண்ணப்படாமற் போகின்றது.

இம்மூன்றாவது உண்மையே மாற்றற்கு எளியது. நம் கையில் உள்ளது. 1918-இல் கஞ்சி கொண்டு சென்றவரைக் கேட்டறிய இன்று ஒருவரும் இலர். 2020-இல் பிளவக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களில் மருந்து கொண்டு சென்ற இளைஞரும், 2021-இல் திண்ணையில் எழுத்தறிவித்த மகளிரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். முதுகலை மாணவர் தம் தம் ஊரில் அவர்களை நேரிற் கண்டு, அவர் மொழியிலேயே அவர் செய்தவற்றைப் பதிவுசெய்வாராயின், அடுத்த கொள்ளைநோய் வருங்கால் வழிகாட்டும் ஏடு ஒன்று நம் கையில் இருக்கும். திருத்தொண்டர்தம் பெயரைத் தொகுத்துப் பாதுகாத்த மொழிக்கு இப்பணி புதிதன்று.